பெரிய கம்பெனியின் டயர் நம் பட்டணத்தில் ஓடுமா?

வாசகர் கேள்வி: சுங்கை சிப்புட்டில் மோட்டார் சைக்கிள், கார் பட்டறை நடத்தி வருகிறேன். இந்தியாவில் வேகமாக வளர்ந்துவரும் ஒரு டயர் நிறுவனத்தின் விற்பனையாளர், லோரி டயர்களை மொத்தமாக எடுத்துக்கொண்டால் இந்த வட்டாரத்துக்கு என்னையே முகவராக்குவதாகச் சொல்கிறார். அந்த நிறுவனத்தின் வளர்ச்சியை நம்பி முதலைப் போடலாமா?

பதில்: நிறுவனம் வளர்ந்திருப்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உங்கள் கடையில் எந்த டயர் எத்தனை மாதத்தில் விலைபோகும் என்பதற்கு அந்த வளர்ச்சி உத்தரவாதம் ஆகாது. அது எப்படி வந்தது என்று கவனித்தால் மட்டும் உங்களுக்குப் பயன் உண்டு.

இந்தியாவின் எம்ஆர்எஃப் டயர் நிறுவனத்தைப் பாருங்கள். 1946-இல் சென்னையை ஒட்டிய திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கி, 1952-இல் தேய்ந்த டயருக்கு மேற்பட்டை போட உதவும் டிரெட் ரப்பரில் இறங்கி, அந்தச் சந்தையில் காலூன்றிய பிறகே, அமெரிக்காவின் மேன்ஸ்ஃபீல்டு நிறுவனத்தோடு கைகோத்து 1960களில் டயர் தயாரிப்புக்கு வந்தது. அன்று இந்தியாவில் டன்லப், ஃபயர்ஸ்டோன், குட்இயர் ஆகியவற்றின் கை ஓங்கியிருந்தது. அமெரிக்கச் சாலைக்கென்று வகுத்த டயர் இந்தியச் சாலைகளுக்கும் அளவுமீறி ஏற்றும் பாரத்துக்கும் ஒத்துவராததால், அதைத் தன் ஊருக்கேற்ப மாற்றியமைத்துத்தான் அந்நிறுவனம் நிலைபெற்றது. அங்கே வென்ற டயர் இங்கே மலேசியாவிலும் வெல்லும் என்று சொல்ல இந்த வரலாற்றில் இடமே இல்லை.

பெயர் பெரிதாக இருப்பதும் காப்பு அல்ல. 1972 முதல் ஷா ஆலமில் இயங்கிய குட்இயர் தொழிற்சாலை 2024 ஜூன் மாதத்தோடு மூடப்பட்டது. உங்களுக்குப் பக்கத்திலேயே, கமுந்திங்கில் தொடங்கிய சில்வர்ஸ்டோன் 2010-இல் ஜப்பானின் தோயோ கைக்குப் போனது.

இனி உங்கள் சந்தைக்கு வருவோம். ரப்பர் கன்றுகள் 1877-இல் வந்திறங்கிய கோலகங்சார் உங்களுக்கு அடுத்த ஊர்தான். என்றாலும் இன்று உங்கள் லோரி டயர் வியாபாரத்தை நிர்ணயிப்பது பெரும்பாலும் செம்பனை. குலை ஏற்றும் லோரி தோட்டத்துக்குள் கல்லும் செம்மண்ணுமான பாதையில் ஊர்ந்துவிட்டு, அதே பாரத்தோடு ஆலைவரை தார்ச்சாலையில் ஓடுகிறது. நைலான் இழைகளைக் குறுக்கும் மறுக்குமாக அடுக்கிய பயஸ் டயருக்குப் பக்கச்சுவர் தடிமன். கல் கிழிப்பதைத் தாங்கும். ஆனால் நெடுந்தூரம் வேகமாக ஓடினால் சூடேறும். ரேடியல் டயர் சூடு குறைவாக ஓடும், மேற்பட்டையும் நீடித்து உழைக்கும், ஆனால் பக்கச்சுவரில் ஒரு கூரான கல் பட்டால் கதை முடிந்தது. ஆகவே 10.00-20 அளவில் பயஸ் டயர் கேட்கும் தோட்டத்து லோரிக்காரரும், 295/80ஆர்22.5 அளவில் டியூப் இல்லாத ரேடியல் கேட்கும் நெடுஞ்சாலை லோரிக்காரரும் வெவ்வேறு வாடிக்கையாளர்கள். ரிம்மே வேறு என்பதால், ஒருவருக்காக வாங்கி வைத்ததை மற்றவர் தலையில் கட்ட முடியாது.

லோரிக்காரர் விலையோடு நிறுத்தமாட்டார். எத்தனை தடவை செலுப் (தேய்ந்த டயருக்கு மறுபட்டை) போடலாம் என்றும் கேட்பார். புது டயரின் விலையை அவர் மேற்பட்டைக்கு அடியிலுள்ள அதன் உடலுக்கு, அதாவது கூட்டுக்குத்தான் கொடுக்கிறார். மேற்பட்டை தேய்ந்தபின் கூடு பழுதின்றி இருந்தால் மறுபடியும் பட்டை போட்டு ஓட்டலாம். ஆகவே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வட்டாரத்தில் செலுப் போட்டுக் கொடுக்கும் ஒருவரிடம் போய், இந்த நிறுவனத்தின் கூடுகளை அவர் பார்த்திருக்கிறாரா, எம்எஸ் 224 என்ற மலேசியத் தரநிலைப்படி பட்டை போட ஏற்கிறாரா என்று கேளுங்கள். அவர் உதட்டைப் பிதுக்கினால், விற்பனையாளரின் வண்ணப் பிரசுரங்களை மூடி வைத்துவிடலாம்.

உங்கள் பட்டறைக்கு நிதமும் வருவதோ கப்சாய் எனும் சிறிய மோட்டார் சைக்கிளும் மைவி காரும். கப்சாய்க்கு 70/90-17, 80/90-17. மைவிக்கு 175/65ஆர்14, 185/55ஆர்15. இவற்றைக் குறையாமல் வைத்திருந்தாலே கையில் பணம் புரளும். பெரிய லோரி டயருக்கு இடமும் ஆளும் கூடுதலாக வேண்டும், பணமும் முடங்கும், அதிலும் லோரி முதலாளிகள் பெரும்பாலும் தவணையில்தான் கேட்பார்கள். என் கருத்தில், கைக்காசு போட்டு மொத்தமாக எடுப்பது உங்களுக்குச் சரிவராது.

அவரை அடியோடு திருப்பி அனுப்பவும் வேண்டாம். விற்ற பிறகு பணம் கட்டும் முறையில், ஒரே அளவில், ஒரு லோரிக்குத் தேவையான டயர்களை மட்டும் கேளுங்கள். தயாரிப்புப் பழுதுக்கு மாற்று டயர் யார், எத்தனை நாளில் தருவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வந்திறங்கும் ஒவ்வொரு டயரிலும், பக்கச்சுவரின் நான்கு இலக்கத் தேதிக் குறியைப் பாருங்கள்: 3224 என்றால் 2024-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத் தயாரிப்பு. இந்தக் குறி ஒரு பக்கத்தில் மட்டுமே முழுமையாக இருப்பதும் உண்டு என்பதால் புரட்டியும் பாருங்கள். மலிவாகத் தள்ளிவிடும் சரக்கில் பழைய தேதிகள் கலந்து வருவது இந்தத் தொழிலில் புதிதல்ல.

பட்டறையில் வெல்டிங் வேலையும் நடக்குமானால், டயர்களை அதற்குப் பக்கத்தில் அடுக்காதீர்கள். வெல்டிங் பொறியிலும் மின்மோட்டாரிலும் எழும் ஓசோன் ரப்பரில் மெல்லிய வெடிப்புகளை உண்டாக்கும். வெயிலும் எண்ணெயும் கூட ரப்பரைக் கெடுக்கும். தனியாக, நிழலான இடம் ஒதுக்க முடியாது என்றால் இந்தச் சரக்கை இப்போதைக்கு எடுக்காமல் இருப்பதே மேல்.