கேள்வி–பதில்: நேர சர்வர்களின் அடையாள எண் மோதினால்...

கேள்வி: எங்கள் இரண்டு அலுவலகங்களிலும் நேர சர்வரின் முகவரி 192.168.1.5. நடுவில் நாட் (உள் முகவரியை வேறு முகவரியாக மாற்றி அனுப்பும் ஏற்பாடு) இருக்கிறது. இரண்டாம் அலுவலகத்தின் துணை சர்வரை, முதல் அலுவலக சர்வருக்கு மாற்று ஆதாரமாகக் கொடுத்தோம். பதில் வருகிறது, ஆனால் ஏற்க மறுக்கிறது. ஏன்?

பதில்: என்டிபி (கணினிகள் வலை வழியே கடிகாரத்தைச் சரிசெய்யும் முறை) பாக்கெட்டில் 'ரெஃப்ஐடி' என்று 32 பிட் இடம் ஒன்று உண்டு. அதை அனுப்புகிற சர்வரின் பெயர் என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது அந்த சர்வர் யாரிடமிருந்து நேரம் வாங்குகிறது என்பதைச் சொல்வது; ஐபிவி4 (192.168.1.5 போன்ற முகவரி முறை) என்றால் மேல் சர்வரின் முகவரியே அங்கே வரும். உங்கள் துணை சர்வர் தன் ஊர் 192.168.1.5-இடம் நேரம் வாங்குகிறது. அந்த எண்ணைப் பார்க்கும் முதல் அலுவலக சர்வர், 'இது என்னிடமே வாங்கிய நேரம்' என்று சுழற்சிக்கு (சர்வர்கள் ஒன்றிடம் ஒன்று வட்டமாக நேரம் வாங்குவதற்கு) அஞ்சி ஒதுக்கிவிடுகிறது.

உங்கள் சர்வரில் குரோனி என்ற என்டிபி மென்பொருள் ஓடினால் 'குரோனிசி என்டிபிடேட்டா' கட்டளை கொடுத்துப் பாருங்கள். சோதனை வரி 111 111 1110 என்று முடிந்தால், கடைசிச் சுழியம் சுழற்சிச் சோதனையில் தோற்றதைக் காட்டும்.

இரண்டாம் அலுவலக நேர சர்வருக்கு 192.168.20.5 போல வேறெங்கும் இல்லாத கூடுதல் முகவரி கொடுத்து, துணை சர்வரை அதற்கு மாற்றுங்கள். அது போதும். ஐபிவி6-க்கு (நீண்ட முகவரி முறைக்கு) மாறினாலும் தீரும்; அப்போது ரெஃப்ஐடி, முகவரியின் எம்டி5 ஹாஷின் (முகவரியிலிருந்து கணக்கிட்ட சுருக்க எண்ணின்) முதல் 4 பைட். அதை ஐபிவி4 முகவரி என்று நம்பித் தேடி அலையாதீர்கள்.

நாட் இதற்கு நேர்மாறான தீங்கும் செய்யும், அதுதான் கூடுதல் ஆபத்து: மாற்றிய முகவரி ரெஃப்ஐடியில் பதிந்தால், உண்மையான சுழற்சியே கண்ணில் படாது. மூன்று சர்வர் வட்டமாகச் சுற்றினாலும் அப்படித்தான். இந்தச் சோதனை ஒரு படி மட்டுமே பார்க்கும்.

கேள்வி: ஒரே சர்வரில் இரண்டு ஜிபிஎஸ் ரிசீவர். இரண்டுக்கும் 'ஜிபிஎஸ்' என்றே பெயர் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். குரோனியில் ஒவ்வொரு ரெஃப்கிளாக்குக்கும் (ஜிபிஎஸ் போல சர்வருக்கு நேரம் தரும் கருவிக்கும்) ரெஃப்ஐடியாகத் தனிப்பெயர் கட்டாயம். நான்கு ஆங்கில எழுத்துக்குள் ஜிபிஎஸ்1, ஜிபிஎஸ்2 என்று வையுங்கள். பிபிஎஸ் துடிப்பை (நொடிக்கு ஒருமுறை வரும் மின் சைகையை) 'லாக்' என்ற அமைப்பைக் கொடுத்து இணைப்பதும் இந்தப் பெயரை வைத்துத்தான். சோதனைக்காகப் புதுப்பெயர் சூட்டுவதானால் 'எக்ஸ்' எழுத்தில் தொடங்குங்கள். அது அதற்கென்றே ஒதுக்கப்பட்டது.

கேள்வி: ரெஃப்ஐடியில் முகவரிக்குப் பதில் தற்செயல் எண் வைக்க வழியில்லையா?

பதில்: என்டிபி ஐந்தாம் பதிப்பின் வரைவில் அதுதான் வழி: சர்வருக்குச் சர்வர் 120 பிட் தற்செயல் எண். மேலே உள்ள சர்வர்களின் எண்கள் 4096 பிட் புளூம் ஃபில்டரில் (பல எண்களைச் சுருக்கிப் பதிந்து, ஓர் எண் அதில் உண்டா என்று பார்க்க உதவும் பட்டியலில்) சேர்ந்து வருவதால் நீண்ட வட்டமும் பிடிபடும். சர்வர் ஓடும் மெய்நிகர் இயந்திரத்தை (மென்பொருளால் உருவான கணினியை) குளோன் செய்வதற்கு முன் சேமித்த எண் இருந்தால் அழித்துவிடுங்கள். இல்லையேல் நகல்கள் அத்தனையும் ஒரே எண்ணோடு எழும்.