பழைய பேட்டரிக்குப் புது ஆசிட் ஊற்றலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு இன்வர்ட்டர் பேட்டரி (150 ஆம்பியர் அவர்) வாங்கி 4 வருடம் ஆகிறது. முன்பு 3 மணி நேரம் தாங்கும், இப்போது அரை மணியில் படுத்துவிடுகிறது. சார்ஜ் போட்டால் கொஞ்ச நேரத்திலேயே ஃபுல் என்று காட்டுகிறது. பழைய ஆசிட்டைக் கொட்டிவிட்டுப் புதுசு ஊற்றினால் சரியாகும் என்கிறார் ஒருவர். செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். உங்கள் ஆசிட் எங்கேயும் போய்விடவில்லை, பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தகட்டில், அதாவது பிளேட்டில்தான் இருக்கிறது. கரண்ட் எடுக்கும்போது ஆசிட்டில் உள்ள சல்பேட் பிளேட்டில் படியும், சார்ஜ் ஏறும்போது திரும்பக் கரையும்; அரைகுறை சார்ஜிலேயே நாள்கணக்கில் கிடந்தால் அது கரையாமல் கெட்டிப்பட்டுவிடும். வேலை செய்யும் பிளேட் குறைந்துபோவதால் வோல்ட் சட்டென்று ஏறி, ஃபுல் ஆனமாதிரி ஏமாற்றுகிறது. இதன்மேல் ஆசிட் ஊற்றினால் செறிவு கூடிப்போய் பிளேட்டை அரிக்கத்தான் செய்யும்.

முதலில் ஒருமுறை சார்ஜ் போட்டுவிட்டு 6 செல்லையும் ஹைட்ரோமீட்டரில் (ஆசிட்டை உறிஞ்சி அதன் அடர்த்தியைக் காட்டும் கருவி) பாருங்கள். ஐந்து செல் 1.200 பக்கம் நிற்க, ஒன்று மட்டும் 1.100 என்று காட்டினால் அந்த செல் போய்விட்டது. உறிஞ்சும்போது தண்ணீர் பழுப்பாகக் கலங்கி வந்தால் பிளேட்டே உதிர்கிறது. இரண்டில் எது என்றாலும் மேற்கொண்டு செலவு செய்யாதீர்கள். ஆறும் ஒரேமாதிரி குறைவாக, தெளிவாக இருந்தால் முயன்று பார்க்கலாம்.

பிளேட் மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விடுங்கள், மிச்சத்தை சார்ஜ் முடிந்தபின் நிரப்பிக்கொள்ளலாம். இன்வர்ட்டரிலிருந்து கழற்றிவிட்டு, கரண்ட்டைக் குறைத்து வைக்க முடிகிற தனி சார்ஜரில் 5 ஆம்பியர் அளவில் ஏற்றுங்கள். குமிழி வர ஆரம்பித்ததும் நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்கிற தப்பு, கெட்டிப்பட்ட சல்பேட் கரைவதே அந்தக் கடைசிக் கட்டத்தில்தான், அப்போது வோல்ட் 15-ஐத் தாண்டினாலும் பயப்படாமல் மணிக்கு ஒருமுறை ஹைட்ரோமீட்டர் பாருங்கள். தொடர்ந்து மூன்று முறை அளவு ஏறாமல் நின்றால் போதும். ஒன்றிரண்டு நாள்கூட ஆகலாம். பேட்டரி 50 டிகிரி சூட்டைத் தொட்டால் நிறுத்தி ஆறவிடுங்கள். வருவது ஹைட்ரஜன் வாயு, அதனால் ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் லோடு கொடுத்து இறக்கி, மறுபடி ஏற்றுங்கள். புது பேட்டரி ஆகாது, ஆனால் பேக்கப் கூடியிருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

கேள்வி: காரை 3 மாதம் எடுக்க மாட்டேன். தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத சீல் பேட்டரி. என்ன செய்வது?

பதில்: ஃபுல் சார்ஜ் செய்து நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை யாராவது மல்டிமீட்டர் வைத்து வோல்ட் பார்க்கட்டும்: 12.6 இருந்தால் சரி, 12.4-க்குக் கீழே போனால் உடனே சார்ஜ் போடச் சொல்லுங்கள். மேலே சொன்ன 15 வோல்ட் வைத்தியம் இதற்கு ஆகாது, வாயுவாகப் போகும் தண்ணீரைத் திரும்ப ஊற்ற வழியில்லை. 14.4 வோல்ட்டோடு நிறுத்திக்கொள்ளும் சார்ஜர் போதும்.