வாசகர் கேள்வி: செய்தித் துறையிலிருந்து மனநலப் பரப்புரைக்கு

கேள்வி: ஆறு ஆண்டுகளாக நாளிதழ் ஒன்றின் செய்திப் பிரிவில் பணிபுரிகிறேன். மனநல விழிப்புணர்வுக்காகவும் மனநோயாளிகளின் உரிமைக்காகவும் இயங்கும் அமைப்பொன்றில் மக்கள் தொடர்புப் பணிக்கு மாற விரும்புகிறேன். அதற்கு உளவியல் பட்டம் வேண்டுமா? மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றவள் என்பதை நேர்காணலில் சொல்ல வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பட்டம் கட்டாயமில்லை. நோயைக் கண்டறிவதும் ஆலோசனை வழங்குவதும் இப்பணியில் வருவன அல்ல. அறிக்கை எழுதுவது, செய்தியாளர்களின் கேள்விகளுக்கு விடை தருவது, சட்டம் இயற்றுவோருக்குச் சுருக்கக் குறிப்பு தயாரிப்பது, சமூக ஊடகப் பக்கங்களைக் கவனிப்பது ஆகியவையே அன்றாட வேலைகள். இவற்றில் பெரும்பகுதி உங்களுக்குப் பழக்கமானதுதான். ஆனால், அதிர்ச்சி தரும் விவரத்தை முதல் வரியில் வைக்கும் செய்தியறைப் பழக்கத்தை இங்கே கைவிட வேண்டியிருக்கும்.

1980களில் வியன்னா நகரின் சுரங்க ரயில் பாதையில் நிகழ்ந்த தற்கொலைகளை நாளிதழ்கள் பரபரப்பாக வெளியிட்டு வந்தன. 1987இல் ஆஸ்திரியாவின் தற்கொலைத் தடுப்பு அமைப்பு ஊடகங்களுக்கு வழிகாட்டுதல்களை வழங்கி, செய்திகளின் தொனி மாறிய பிறகு, அப்பாதையில் நிகழ்ந்த தற்கொலைகள் வெகுவாகக் குறைந்தன. உலக சுகாதார நிறுவனம் 2000இல் முதன்முறையாக வெளியிட்டு, 2023 வரை புதுப்பித்துவந்த ஊடகக் கையேட்டின் சாரமும் இதுவே: தற்கொலை முறையையும் இடத்தையும் விவரிக்காதீர்கள், ஒற்றைக் காரணத்தைச் சுட்டாதீர்கள், உதவி கிடைக்கும் இடத்தைச் சொல்லாமல் விடாதீர்கள். நெருக்கடியைக் கடந்து வந்தவர்களைப் பற்றிய செய்திகள் காக்கும் தன்மை உடையனவாக இருக்கலாம் என்பதை 2010இல் வெளியான ஆஸ்திரிய ஆய்வு ஒன்று சுட்டியது. மோட்சார்ட்டின் இசை நாடகப் பாத்திரத்தின் பெயரால் அதைப் பாபகேனோ விளைவு என்கிறார்கள். எதை எழுதாமல் விட வேண்டும் என்று தெரிந்தவரே இத்துறையில் நல்ல எழுத்தாளர் என்பது என் கருத்து. விண்ணப்பத்தோடு அனுப்பும் மாதிரிகளில், அவ்வாறு நீங்கள் நிதானித்து எழுதிய செய்தி ஒன்றாவது இருக்கட்டும்.

ஒருவருடைய அனுபவத்தை வெளியிடும்போது அவரிடம் ஒருமுறை கையெழுத்து வாங்கிவிட்டால் ஒப்புதல் பெற்றதாகிவிடாது. இன்று துணிச்சலோடு பேசியவர், ஐந்து ஆண்டுகள் கழித்து வேலை தேடும்போது அதே கட்டுரை இணையத்தில் தம் பெயரோடு நிற்பதை விரும்பாமல் போகலாம். எங்கே, எவ்வளவு காலத்துக்கு வெளியாகும் என்பதை முன்கூட்டியே சொல்லி, விலகிக்கொள்ளும் வழியையும் திறந்து வைப்பது உங்கள் கடமையாக இருக்கும்.

இதே அளவுகோலை உங்களுக்கும் பொருத்திப் பாருங்கள். பாதிக்கப்பட்டவர்களே குரல் கொடுப்பது இந்த இயக்கத்தின் வேர்களில் ஒன்று. மனநல மருத்துவமனைகளில் தாம் பட்ட துன்பங்களை 1908இல் நூலாக எழுதிய அமெரிக்கரான கிளிஃபோர்ட் பியர்ஸ், அடுத்த ஆண்டே சீர்திருத்தத்துக்கான தேசியக் குழு ஒன்று உருவாகக் காரணமானார். எனினும், நேர்காணலில் உங்கள் சிகிச்சையைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. சொந்த அனுபவம் உடையவர்களை விளம்பரத்திலேயே அழைக்கும் அமைப்புகள் உண்டு. அங்கே சொல்வது பயன்படலாம். அப்போதும், உங்களை எழுத்தாளராகக் கருதுகிறார்களா, மேடைதோறும் ஏற்றிக் காட்டுவதற்கான சாட்சியாகக் கருதுகிறார்களா என்பதை அறிந்த பிறகு முடிவு செய்யுங்கள்.

உலக மனநல நாளான அக்டோபர் 10 அன்று மட்டும் விழித்துக்கொள்ளும் அமைப்புகளும் இருக்கின்றன. அவர்களின் மற்ற பதினொரு மாதப் பணியைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். நேர்காணலில் நீங்களும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அமைப்பின் சமூக ஊடகப் பக்கத்துக்கு நள்ளிரவில் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளப் போவதாக எழுதினால், அதற்குப் பதில் அளிப்பவர் யார்? பயிற்சி பெற்றவர்களிடம் ஒப்படைக்கும் முறையும், அத்தகைய செய்திகளைப் படிக்கும் ஊழியருக்கு ஓய்வும் ஆதரவும் உண்டு என்று தெளிவாகச் சொல்பவர்களிடம் தயங்காமல் சேருங்கள். 'நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று சொன்னால், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் வேறு இடம் தேடுங்கள்.