டிஜேஐ மினி 4 ப்ரோ ட்ரோனுக்கு எந்த என்டி ஃபில்டர் வாங்குவது? சிபிஎல்லும் வேண்டுமா?

நல்ல வெயிலில் பகல் நேர வீடியோ எடுக்கத்தான் கேட்டிருக்கிறீர்கள். என்டி என்பது லென்ஸுக்குள் போகும் ஒளியைக் குறைக்கும் கருப்புக் கண்ணாடி; என்டி64 என்றால் 64-ல் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே போகும். சிபிஎல் என்பது தெறிக்கும் ஒளியின் பளபளப்பை அடக்கும் ஃபில்டர். அதற்கு அதிகம் உழைப்பவை என்டி64, என்டி128 இரண்டும்தான். என்டி4, 8, 16 மூன்றையும் ஒரே டப்பாவில் போட்டு மலிவாக விற்கும் செட் உங்களுக்குப் போதாது.

காரணம் லென்ஸில் இருக்கிறது. இந்த ட்ரோனின் அபர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துவாரத்தின் அளவு, எஃப் 1.7. அதை மாற்றவே முடியாது. உச்சி வெயிலில், ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறன்) 100-ல், சிறு துவாரமான எஃப் 16 வைத்தால் ஷட்டர் (ஒளி பதியும் நேரம்) சுமார் 1/100 விநாடி வரும் என்பது பழைய ஃபிலிம் காலத்துக் கணக்கு. அதையே எஃப் 1.7-க்கு மாற்றினால் ஷட்டர் 1/8800 பக்கம் போய்விடும். விநாடிக்கு 25 ஃப்ரேம் எடுக்கும்போது அசைவு கண்ணுக்கு இயல்பாகத் தெரிய ஷட்டர் 1/50 இருக்க வேண்டும். 8800-ஐ 50-ஆல் வகுத்தால் 176; ஒளியை அத்தனை மடங்கு குறைக்க வேண்டும். என்டி8 போட்டால் ஷட்டர் 1/1100-க்குத்தான் இறங்கும், ஓட்டம் வெட்டி வெட்டித்தான் தெரியும். என்டி128 போட்டால் 1/70. அது போதும்.

‘மேகமூட்டத்துக்கு 16, வெயிலுக்கு 32’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். எல்லா அபர்ச்சருக்கும் அது பொருந்தாது. பறக்கும் இடத்தில் நீங்களே அளந்துவிடலாம். ஃபில்டர் போடாமல் ட்ரோனை மேலே ஏற்றுங்கள். எல்லாவற்றையும் கையால் மாற்றவிடும் ப்ரோ மோடில் ஐஎஸ்ஓவை 100-ல் நிறுத்தி, படம் சரியான வெளிச்சத்துக்கு வரும்வரை ஷட்டரை நகர்த்துங்கள். திரையில் 1/3200 என்று வந்தால் 3200-ஐ 50-ஆல் வகுக்க 64. அதுதான் உங்கள் ஃபில்டர். 1/800 என்றால் என்டி16. 30 ஃப்ரேமுக்கு 60-ஆலும், 60 ஃப்ரேமுக்கு 120-ஆலும் வகுங்கள். விடை இரண்டு எண்களுக்கு நடுவே விழுந்தால் சிறிய எண்ணையே எடுங்கள். ஷட்டர் 1/50-க்குப் பதில் 1/80 ஆனால் யாருக்கும் தெரியாது. ஆனால் கண்ணாடி அளவுக்கு மேல் கருத்துவிட்டால் ஐஎஸ்ஓ ஏறும், நிழல் பகுதிகளில் புள்ளி தட்டும்.

ஆக, காலை, மாலைக்கு என்டி16, பத்து மணிக்கு மேல் 64, உச்சி வெயிலுக்கு 128. டிஜேஐயின் சொந்த செட்டில் 16, 64, 256 இருக்கும். அதுவும் நல்ல தேர்வுதான். கடற்கரை மணல், உப்பளம் போல வெளுத்த தரையில் 256 கைகொடுக்கும். சில கடைகளில் என்டி 0.9, 1.8 என்று எழுதியிருப்பார்கள். 0.9 என்பது என்டி8, 1.8 என்பது என்டி64.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். 100 மீட்டர் உயரத்தில் மெதுவாக நகரும் காட்சிக்கு ஃபில்டர் போட்டாலும் போடாவிட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. தரையை ஒட்டிப் பறப்பது, வண்டியைத் துரத்துவது, மரத்தைச் சுற்றி வருவது, இவற்றில்தான் பலன் கண்கூடு. புகைப்படத்துக்கு என்டி தேவையில்லை, இரவில் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். சுழற்றி அடர்த்தியை மாற்றும் வேரியபிள் என்டியும் வேண்டாம். வானத்தில் போய்ச் சுழற்ற முடியாது, அடர்த்தியைக் கூட்டினால் படத்தின் குறுக்கே எக்ஸ் வடிவக் கறை விழும்.

சிபிஎல் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நீல வானத்தைக் கருமையாக்க அதை வாங்காதீர்கள். சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் வானம் கருக்கும், ட்ரோன் திரும்பியதும் அது மாறிவிடும். அகலமான லென்ஸில் வானம் ஒரு பக்கம் இருட்டாகவும் மறுபக்கம் வெளுப்பாகவும் பட்டை பட்டையாக வரும். குளம், ஆறு, கடல், தண்ணீர் நிற்கும் வயல் இவற்றை எடுப்பவர்களுக்கு மட்டும் அது வேண்டும். தண்ணீர் மேல் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டத்தில் முனைப்படுகிறது, அதாவது ஒரே திசையில் அதிர்கிறது; அந்தத் திசை ஒளியை சிபிஎல் தடுத்துவிடும். அதனால் ஒருமுறை சரியாகப் பொருத்திவிட்டால் ட்ரோன் எந்தப் பக்கம் திரும்பினாலும் பளபளப்பு அடங்கும். கேமராவை 35 முதல் 40 டிகிரி வரை கீழே சாய்த்தால் பலன் உச்சம். நேர் செங்குத்தாகக் கீழே பார்த்தால் பலனே இல்லை. பொருத்தும் முன் ஃபில்டரைக் கண்ணுக்கு எதிரே பிடித்து, தண்ணீரைப் பார்த்தபடி சுழற்றுங்கள். பளபளப்பு மறையும் இடத்தில் விளிம்பின் மேல்பக்கம் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். கேமராவில் மாட்டும்போதும் அந்தப் புள்ளி மேலேயே இருக்கட்டும். சிபிஎல் தானும் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) ஒளியைத் தின்னும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது ட்ரோன் அணைந்திருக்கட்டும். கேமராவின் பின்பக்கத்தை விரலால் தாங்கிக்கொண்டு, முன்னால் உள்ள கண்ணாடி வளையத்தைத் திருகிக் கழற்றி, அந்த இடத்தில் ஃபில்டரை மாட்டுங்கள். பழைய வளையத்தின் மேலேயே இன்னொன்றை ஒட்டும் வகை வேண்டாம். முன்பக்கம் எடை கூடினால் கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பலின் மோட்டார் திணறும், திரையில் எச்சரிக்கை வரும், அடிவானம் சாயும்.

வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள். வெயிலில் வெள்ளைத் தாளையும் கறுப்புத் துணியையும் விரித்து, ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலை) 5500-ல் நிறுத்தி, ஃபில்டர் இல்லாமலும் போட்டும் ஒவ்வொரு படம் எடுத்து ஒப்பிடுங்கள். 128, 256 போன்ற அடர்த்தியான கண்ணாடிகளில்தான் மலிவுச் சரக்கு காட்டிக்கொடுக்கும்: தாள் பச்சையாகவோ ஊதாவாகவோ தெரியும், கறுப்புத் துணி பழுப்பேறும். அப்படி வந்தால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் மாற்றிவிடுங்கள்.