சர்க்கரைப் புண்ணுக்கு எந்தக் கட்டு? – கேள்வி பதில்

காலில் ஆறாத சர்க்கரைப் புண்ணுக்கு எந்த டிரெஸ்ஸிங் என்று சென்னை வாசகர்கள் கேட்டவற்றுக்குக் காயப் பராமரிப்புச் செவிலியரின் பதில்கள்.

பெரம்பூர்: சிஸ்டர், அப்பாவுக்குப் பெருவிரலுக்குக் கீழே உள்ளங்காலில் புண். தினமும் பொவிடோன் அயோடின் ஊற்றி காஸ் வைத்துக் கட்டுகிறோம். ரெண்டு மாசமா அப்படியே இருக்கு. ஆல்ஜினேட், ஃபோம், சில்வர்னு கடையில் சொல்றாங்க. எதை வாங்க?

வாங்குவதற்கு முன் ஒன்று பாருங்கள்: அப்பா அந்தக் காலை ஊன்றி நடக்கிறாரா? பெருவிரலுக்குக் கீழே இருக்கும் புண், ஒவ்வொரு அடிக்கும் உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. பாத்ரூம் வரை நடந்தாலும் கணக்குதான். பாரத்தைக் குறைக்காமல் எந்தக் கட்டைப் போட்டாலும் பணம்தான் வீண்.

சிவந்து சுத்தமாக இருக்கும் சதையில் தினமும் அயோடின் ஊற்றினால் புதிதாக வளரும் செல்களும் சாகலாம். நார்மல் சலைனால் கழுவுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை டீஸ்பூன் உப்பு (ஏறக்குறைய 9 கிராம்) போட்டு, 10 நிமிடம் கொதிக்கவிட்டு, மூடியபடியே ஆறவைத்து அன்றைக்கே பயன்படுத்துங்கள்.

கட்டைத் தேர்ந்தெடுப்பது புண்ணின் ஈரத்தைப் பார்த்துத்தான். நீர் நிறைய வடிந்தால் ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து செய்த கட்டு). நீரை உறிஞ்சி ஜெல்லாக மாறும். காய்ந்த புண்ணில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். ஓரளவு வடிந்தால் ஃபோம் (பஞ்சு போன்ற மெத்தைக் கட்டு). நனைவதைப் பொறுத்து 2, 3 நாளைக்கு ஒருமுறை மாற்றினால் போதும். உள்ளங்காலில் மட்டும் தடிமனாக அடுக்காதீர்கள், அந்த மொத்தையே புதிதாக அழுத்தும். காய்ந்து மஞ்சள் படலம் பிடித்திருந்தால், காலுக்கு ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு ஹைட்ரோஜெல் (ஈரம் கொடுக்கும் ஜெல்) மெல்லிசாக. சுற்றியுள்ள தோல் வெளுத்து ஊறிப்போனால் ஈரம் அதிகம் என்று அர்த்தம்.

சில்வர் (வெள்ளி கலந்த) கட்டு புண்ணைச் சீக்கிரம் ஆற்றும் என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. சர்வதேச நீரிழிவுப் பாதக் குழுவின் 2023 வழிகாட்டுதலும் ஆற்றுவதற்காக அதைப் போடவேண்டாம் என்றே சொல்கிறது. கையில் காசு குறைவென்றால், சலைனில் நனைத்துப் பிழிந்த காஸ் வைத்து, மேலே உலர்ந்த காஸ் வைத்துக் கட்டுங்கள். காய்ந்துபோகும் முன் மாற்றவேண்டும். காய்ந்த காஸைப் பிய்த்து எடுத்தால் வளர்ந்த சதையும் கூடவே வந்துவிடும். மிச்சமாகும் பணத்தைச் செருப்புக்குச் செலவழியுங்கள்.

தாம்பரம்: தேன், மஞ்சள், காப்பித்தூள் போடலாமா மேடம்?

வேண்டாம். காப்பித்தூள் புண்ணுக்குள் தங்கி, அடியில் சீழ் இருப்பதையும் மறைத்துவிடும். சமையலறைத் தேன் கிருமி நீக்கப்பட்டதல்ல.

வியாசர்பாடி: அம்மாவின் சுண்டுவிரல் கறுத்துக் காய்ந்திருக்கு, வலி இல்லை. ஜெல் போட்டு ஊறவைத்து எடுக்கலாமா?

தொடவே தொடாதீர்கள். இங்கே பிரச்சினை ரத்தம் போகாததுதான். காய்ந்த கறுப்பை ஈரமாக்கினால் கிருமி நுழைந்து ஈர அழுகலாகிப் பாதம் முழுக்கப் பரவும். மேலே வேண்டாம் என்று சொன்ன பொவிடோன், இந்த விரலுக்குப் பொருந்தும்: லேசாகத் தடவி, உலரவிட்டு, விரல் இடுக்கில் உலர்ந்த காஸ் வையுங்கள். உடனே ரத்தநாள அறுவை நிபுணரிடம் காட்டுங்கள். கணுக்கால்–கை ரத்த அழுத்த விகிதம் 0.9-க்குக் கீழே என்றால் அடைப்பு உண்டு. ஆனால் சர்க்கரை நோயாளிகளின் ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்திருந்தால் இந்த விகிதம் பொய்யாக உயர்ந்து காட்டும். அதனால் கால்விரல் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். அது 30 எம்எம் மெர்க்குரிக்குக் கீழே என்றால் அவசரம். வலி இல்லாதது நல்ல அறிகுறி இல்லை அம்மா, நரம்பு மரத்திருக்கிறது.

அண்ணா நகர்: ஆபரேஷனுக்குப் பிறகு வேக் மெஷின் வைக்கச் சொல்கிறார்கள். தேவையா?

புண்ணுக்குள் ஃபோம் வைத்து, மேலே ஒட்டி மூடி, நீரை உறிஞ்சி எடுக்கும் மெஷின் அது. சீழ் எடுத்தோ விரல் எடுத்தோ பெரிய பள்ளம் விழுந்திருந்தால் நல்ல பலன் தரும். வழக்கமாக மைனஸ் 125 எம்எம் மெர்க்குரி உறிஞ்சும் அழுத்தம்; 48 முதல் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை ஃபோம் மாற்றுவார்கள். செத்த சதை மிச்சமிருந்தாலோ, எலும்புத் தொற்றுக்குச் சிகிச்சை தராமலிருந்தாலோ, ரத்தக்குழாய் வெளியே தெரிந்தாலோ போடக்கூடாது. மின்வெட்டில் பேட்டரி தீர்ந்து 2 மணி நேரத்துக்கு மேல் மெஷின் நின்றால் ஃபோமை எடுத்துவிட்டுச் சாதாரணக் கட்டுக்கு மாறவேண்டும். உள்ளே வைத்த ஃபோம் துண்டுகள் எத்தனை என்று மேலே ஒட்டும் படலத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒன்று உள்ளேயே தங்கிவிட்டால் அதுவே சீழ் பிடிக்கும்.

கொளத்தூர்: எம்சிஆர் (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பு போட்டால் போதாதா?

ஆறின கால் மறுபடி புண்ணாகாமல் இருக்க அது அருமை. திறந்த புண்ணுக்குப் போதாது. உள்ளங்கால் புண்ணில் தொற்றும் ரத்த ஓட்டக் குறையும் இல்லையென்றால் முழங்கால் வரை வரும், பாரத்தைக் குறைக்கும், கழற்ற முடியாத மாவுக்கட்டு போன்ற கட்டுதான் முதல் தேர்வு. தொழுநோயாளிகளின் கால் புண்ணுக்கு டாக்டர் பால் பிராண்ட் வேலூரில் மாவுக்கட்டு போட்டு ஆற்றியதும் இதே வழியில்தான். பாரத்தைக் குறைக்கத் தரும், கழற்றக்கூடிய பூட்ஸை வீட்டுக்குள் நுழைந்ததும் கழற்றி வைத்துவிடுகிறார்கள், சிக்கல் அங்கேதான்.

வேளச்சேரி: தெருவில் மழைத்தண்ணீர் நிற்கும்போது கட்டோடு இறங்கிவிட்டேன்.

கட்டை உடனே எடுத்து, சோப்பும் சுத்தமான தண்ணீரும் விட்டுக் காலைக் கழுவி, விரல் இடுக்கு வரை ஒற்றித் துடைத்துப் புதுக்கட்டு போடுங்கள். தேங்கிய நீரில் எலிக் காய்ச்சல் கிருமி இருக்கலாம். அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். புண்ணைச் சுற்றி 2 செ.மீ.க்கு மேல் சிவப்பு படர்ந்தாலோ, காய்ச்சல், துர்நாற்றம், காரணமில்லாமல் சர்க்கரை ஏறுவது என்று எது வந்தாலும், மறுநாள் என்று தள்ளாமல் ஸ்டான்லியோ ராஜீவ் காந்தி பொது மருத்துவமனையோ, பக்கத்தில் இருக்கும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

மயிலாப்பூர்: போட்ட கட்டு வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் அளந்து பெருக்கி எழுதுங்கள். நாலு வாரத்தில் அந்த எண் பாதியாகக் குறையாவிட்டால் வேறு கட்டைத் தேடாமல் ரத்த ஓட்டம், எலும்புத் தொற்று, செருப்பு மூன்றையும் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். ஓரத்துக் காய்ப்பை டாக்டர் சீவிய அன்று புண் பெரிதாகத் தெரியும். பயப்படாதீர்கள், உண்மையான அளவு அதுதான். கணக்கை அன்றிலிருந்து தொடங்குங்கள்.