எதற்கெடுத்தாலும் ‘முடியாது’: எதிர்க்கும் பிள்ளைகள் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இரவு 11 மணிக்குப் பிறகு எழுதப்பட்டவை. பிள்ளை ஒருவழியாகத் தூங்கிய பிறகு உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள் என்று புரிகிறது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன், நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். யாரென்று தெரிந்துவிடக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. பல் தேய்க்கச் சொன்னால்கூடச் சண்டை. “இந்த வயசுல எல்லாப் பசங்களும் இப்படித்தான்” என்கிறார்கள். இது வெறும் பிடிவாதமா, வியாதியா?

பதில்: 2, 3 வயதில் ‘மாட்டேன்’ என்பது வளர்ச்சியின் ஒரு பகுதி. 6 வயதிலும் பசியிலோ தூக்கக் கலக்கத்திலோ எந்தப் பிள்ளையும் முரண்டு பிடிக்கும். எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு காலமாக, எத்தனை இடங்களில், அதனால் அன்றாட வாழ்க்கை எவ்வளவு கெட்டுப்போகிறது என்பதை வைத்துத்தான் நாங்கள் முடிவு செய்கிறோம்.

ஓ.டி.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் எதிர்ப்புக் கோளாறுக்கு, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு 8 அறிகுறிகளைத் தருகிறது. சட்டென்று நிதானம் இழப்பது, தொட்டதற்கெல்லாம் எரிச்சல்படுவது, எப்போதும் கோபமும் கசப்புமாக இருப்பது, பெரியவர்களோடு வாதாடுவது, சொன்னதைச் செய்ய மறுப்பது, வேண்டுமென்றே சீண்டுவது, தன் தவறுக்கு அடுத்தவர்மேல் பழி போடுவது, வஞ்சம் வைத்துப் பழிவாங்குவது. இவற்றில் குறைந்தது 4, ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். 5 வயதுக்குக் கீழ் என்றால் பெரும்பாலான நாட்களில், அதற்கு மேல் என்றால் வாரம் ஒரு முறையாவது நடந்திருக்க வேண்டும் (வஞ்சத்துக்கு மட்டும் கணக்கு வேறு: ஆறு மாதத்தில் இரண்டு முறை போதும்). அண்ணன் தம்பிச் சண்டையை மட்டும் வைத்து இந்தப் பெயரைச் சூட்ட முடியாது. வீடு, பள்ளி, விளையாடும் இடம் என்று மூன்று இடங்களில் தெரிந்தால் அது கடுமையான வகை.

அந்தப் பெயருக்கு வருவதற்கு முன் வேறு சிலவற்றைப் பார்த்துவிட வேண்டும். காது சரியாகக் கேட்கிறதா? குறட்டை விட்டுத் தூக்கம் கெடுகிறதா? நீளமாகச் சொன்னால் புரிகிறதா? படிப்பில் சிரமம், பதற்றம், ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. (கவனக் குறைவும் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும்) இவை எல்லாமே வெளியே இருந்து பார்த்தால் ‘சொன்ன பேச்சு கேட்பதில்லை’ என்றுதான் தெரியும். உங்கள் மகன் பல் தேய்ப்பதற்கு மட்டும்தான் சண்டை போடுகிறான் என்றால், பிரஷ் வாயில் படுவதே அவனுக்கு ஆகாமல் இருக்கலாம்.

கேள்வி: நான் கத்தாதவரை என் மகள் (8 வயது) எதையும் செய்வதில்லை. கத்தினால் அவளும் கத்துகிறாள். கடைசியில் அலுத்துப்போய் நானே செய்துவிடுகிறேன். என் வளர்ப்புதான் தப்பா?

பதில்: இந்தக் கேள்வியை நான் கேட்காத வாரம் இல்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜெரால்ட் பேட்டர்சன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவும் இப்படிப்பட்ட குடும்பங்களின் வீட்டுக்கே போய் உட்கார்ந்து, யார் என்ன சொன்னார்கள், அதற்கு அடுத்தவர் என்ன செய்தார் என்று சில நொடிகளுக்கு ஒரு முறை குறித்தார்கள். அவர்கள் கண்டது நீங்கள் எழுதியிருப்பதேதான். அம்மா சொல்கிறார், பிள்ளை மறுக்கிறது. அம்மா குரலை உயர்த்துகிறார், பிள்ளை அதற்கு மேல் உயர்த்துகிறது. அம்மா விட்டுவிடுகிறார். உடனே வீடு அமைதியாகிவிடுகிறது. அந்த அமைதியில்தான் விஷயம் இருக்கிறது. ‘கத்தினால் வேலை செய்ய வேண்டாம்’ என்று பிள்ளை கற்கிறது. ‘விட்டுக்கொடுத்தால் நிம்மதி’ என்று அம்மா கற்கிறார். இன்னொரு நாள் அம்மா இன்னும் பலமாகக் கத்த, பிள்ளை அடங்கிவிடுகிறது. அன்றைக்கு அம்மா கற்பது, கத்தினால்தான் நடக்கும் என்பதை. ஆக, யார் ஜெயித்தாலும் கத்தல்தான் வளர்கிறது. பேட்டர்சன் 1982இல் இதைப் புத்தகமாக எழுதினார். இன்றைக்குப் பெற்றோருக்குத் தரப்படும் பயிற்சிகளில் பெரும்பகுதி இந்தக் கண்டுபிடிப்பின்மேல் கட்டப்பட்டது.

உங்கள் வளர்ப்பு தப்பா என்றால், இல்லை என்பேன். பிறவியிலேயே சீக்கிரம் கொதிக்கும் பிள்ளைகள் உண்டு. அப்படி ஒரு பிள்ளையிடம் எந்த அம்மாவும் இந்தச் சுழலில் விழுவார். ஆனால் அதிலிருந்து முதலில் வெளியே வரக்கூடியவர் நீங்கள்தான், 8 வயதுக் குழந்தையால் அது முடியாது.

எப்படி வருவது? முதலில், நீங்கள் ஒரு நாளைக்குச் சொல்லும் உத்தரவுகளை எண்ணிப் பாருங்கள். எண்ணச் சொன்னால் பலர் சிரிப்பார்கள், எண்ணிவிட்டு வந்து சிரிப்பதில்லை. அவற்றில் உயிருக்கும் உடம்புக்கும் ஆபத்தானவற்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மற்றவற்றில் இப்போதைக்கு இரண்டே இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டையை மாற்றிப் போட்டால் போடட்டும், மேஜை குப்பையாக இருந்தால் இருக்கட்டும். சண்டைக்கான இடங்களைக் குறைத்தால்தான் மிச்சமிருக்கும் இரண்டிலும் கடைசிவரை நிற்கத் தெம்பு இருக்கும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் விட்டுக்கொடுப்பதை நிறுத்தியதும் அவள் கத்தல் கொஞ்ச நாளைக்குக் கூடும். இதுவரை வேலை செய்த சாவி திடீரென்று திறக்கவில்லை என்றால் நாமும் இன்னும் பலமாகத்தானே திருகுவோம்? அந்த நாட்களில் 40 நிமிடம் தாங்கிவிட்டு 41ஆவது நிமிடத்தில் இறங்கி வந்தீர்களானால், அடுத்த முறை அவள் 41 நிமிடம் கத்துவாள். அதனால் ஒன்றில் நிற்க முடியாது என்று தோன்றினால் அதைத் தொடங்கவே வேண்டாம். அன்றைக்கு உங்களுக்குக் காய்ச்சல் என்றால் நிச்சயமாக வேண்டாம்.

கேள்வி: சரி, ஒரு வேலையைச் சொல்வது எப்படி?

பதில்: பக்கத்தில் போய்ச் சொல்லுங்கள், அடுத்த அறையிலிருந்து கூவ வேண்டாம். ஒரு நேரத்தில் ஒன்று. ‘ஓடாதே’ என்பதைவிட ‘நடந்து வா’ என்பது நல்லது. “குளிக்கலாமா?” என்று கேட்டால் “வேண்டாம்” என்ற பதிலுக்கு நீங்களே இடம் கொடுத்துவிட்டீர்கள். தேர்வு கொடுக்க விரும்பினால் இரண்டும் உங்களுக்குச் சம்மதமானவையாக இருக்கட்டும். சொன்ன பிறகு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள், அதுவரை வாயைத் திறக்காதீர்கள். பெற்றோருக்கு மிகக் கஷ்டமான ஐந்து நொடிகள் அவை.

கேள்வி: ஆலோசனைக்குப் போனால் பையனை வெளியே உட்கார வைத்துவிட்டு எங்களிடமே பேசிக்கொண்டிருக்கிறார்கள். பிரச்சினை அவனுக்கா, எங்களுக்கா?

பதில்: கோபம் நியாயம்தான். ஆனால் அவர்கள் சரியாகவே செய்கிறார்கள். சிறு பிள்ளைகளின் எதிர்ப்பு நடத்தைக்கு இருப்பவற்றில் ஆதாரம் அதிகம் உள்ள சிகிச்சை பெற்றோருக்கான பயிற்சிதான். வாரம் ஒரு மணி நேரம் சிகிச்சையாளரோடு பேசும் பிள்ளை மீதி நேரமெல்லாம் உங்களோடுதான் இருக்கிறது.

1970களில் ஷீலா ஐபெர்க் உருவாக்கிய முறை ஒன்று இருக்கிறது. 2 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கானது. பெற்றோரும் பிள்ளையும் ஓர் அறையில் விளையாடுவார்கள். சிகிச்சையாளர் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, பெற்றோரின் காதில் மாட்டிய கருவி வழியாகச் சொல்லிக்கொடுப்பார். முதல் கட்டத்தில் கண்டிப்பே கிடையாது, விளையாட்டு மட்டும்தான். பிள்ளை இழுக்கும் பக்கம் போக வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது, உத்தரவு போடக் கூடாது, திருத்தக் கூடாது. “சிவப்புக் கட்டையை மேலே வைக்கிறாய்” என்று பார்ப்பதைச் சொல்லலாம், பாராட்டலாம். உத்தரவும் கண்டிப்பும் இரண்டாம் கட்டத்தில்தான்.

வீட்டிலேயே தினமும் 5 முதல் 10 நிமிடம் இதைச் செய்து பாருங்கள். அன்றைக்கு அவன் எவ்வளவு மோசமாக நடந்திருந்தாலும் இந்த நேரத்தைப் பறிக்காதீர்கள். ஒரு கேள்விகூடக் கேட்காமல் விளையாடுவது எவ்வளவு சிரமம் என்று முதல் நாளே தெரிந்துவிடும்.

கேள்வி: 9 வயது மகன். கோபம் வந்தால் பொருட்களை உடைக்கிறான், என்னை அடிக்கிறான். மூலையில் நிற்க வைக்கச் சொன்னார்கள், இழுத்துக்கொண்டு போவதற்குள் இருவருக்கும் காயம்.

பதில்: இழுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். சிறு பிள்ளைகளைச் சில நிமிடம் தனியே உட்கார வைக்கும் முறை, அமைதியாகச் செய்தால் பலன் தரும். 9 வயதுப் பையனைக் கட்டி இழுக்க வேண்டியிருந்தால் அது மல்யுத்தம். பூட்டி வைப்பது எந்த வயதிலும் கூடாது.

கொதிநிலையில் இருக்கும்போது அவனுக்கு எந்தப் பாடமும் ஏறாது. அப்போது உங்கள் வேலை, யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான். கூடப் பிறந்தவர்களை வேறு அறைக்கு அனுப்புங்கள். கூரானவை, கண்ணாடிப் பொருட்கள் எல்லாம் முன்னாலேயே எட்டாத இடத்துக்குப் போயிருக்க வேண்டும். இரண்டடி தள்ளி, பக்கவாட்டில் நில்லுங்கள். ஒரே வாக்கியம், தாழ்ந்த குரல்: “நான் இங்கேதான் இருக்கேன், அடிக்க விடமாட்டேன்.” அதற்குமேல் விளக்கம், கெஞ்சல், மிரட்டல் எதுவும் வேண்டாம்.

அடங்கிய உடனேயும் விசாரணை வேண்டாம். சில மணி நேரம் கழித்து, உடைந்ததைக் கூட்டவும் ஒட்டவும் அவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் பேசுங்கள். இந்த வகைச் சண்டை எப்போது, எதற்கு, எந்த நேரத்தில் வந்தது என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். ‘திடீரென்று வருகிறது’ என்று சொல்லிக்கொண்டு வரும் பெற்றோரின் நோட்டில், விளையாட்டை நிறுத்தச் சொன்ன தருணம் அல்லது வீட்டுப்பாடம் என்று ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். யாருடைய பாதுகாப்புக்காவது பயம் வந்தால் அவசர உதவியைக் கூப்பிடத் தயங்காதீர்கள்.

கேள்வி: என் மகளைப் பள்ளியில் தங்கம் என்கிறார்கள். வீட்டில் பேய்.

பதில்: நாள் முழுக்க அடக்கி வைத்ததைப் பாதுகாப்பான இடத்தில் கொட்டுகிறாள். வீட்டுக்கு வந்த முதல் அரை மணி நேரம் கேள்வியும் வேலையும் வேண்டாம். இதற்கு நேர்மாறாகப் பள்ளியில் மட்டும் பிரச்சினை என்றால், படிக்க எழுதச் சிரமப்படுகிறாளா, யாராவது சீண்டுகிறார்களா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: நல்லபடி நடந்தால் பரிசு என்பது லஞ்சம் இல்லையா?

பதில்: கத்திக்கொண்டிருக்கும்போது நிறுத்துவதற்காகக் கொடுத்தால் லஞ்சம். முன்பே பேசி வைத்து, செய்த பிறகு கொடுத்தால் கூலி. சின்னதாக, அன்றே கிடைப்பதாக இருக்கட்டும். சம்பாதித்த புள்ளிகளைப் பிறகு கோபத்தில் பிடுங்காதீர்கள், ஆட்டமே கலைந்துவிடும். பாராட்டினால் முகம் சுளிக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களிடம் ஆரவாரம் வேண்டாம். “சொன்னதும் எடுத்து வச்சியே” என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கேள்வி: என் கணவர் அடித்தால்தான் கேட்கிறான். என்னை மதிப்பதே இல்லை.

பதில்: கேட்பது அவர் எதிரில் இருக்கும்வரைதான். அடி பிள்ளைகளின் ஆக்ரோஷத்தைக் கூட்டுகிறது என்றே ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் அடிக்கவே கூடாது என்று 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஏற்கெனவே கை நீட்டும் பிள்ளைக்கு, பெரியவன் சின்னவனை அடிக்கலாம் என்ற பாடம் வேறு தேவையா? இருவரும் எல்லாவற்றிலும் ஒத்துப்போக முடியாது, தெரியும். மேலே சொன்ன அந்த இரண்டு விஷயங்களில் மட்டும் ஒரே பேச்சாக இருங்கள்.

கேள்வி: கண்டிப்பான விடுதியில் சேர்த்தால் திருந்துவானா?

பதில்: பயமுறுத்தித் திருத்தும் முகாம்களும் விடுதிகளும் பலன் தருவதற்கு ஆதாரம் இல்லை. இதே சிக்கல் உள்ள பல பையன்களை ஒன்றாக வைத்தால் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது.

கேள்வி: மாத்திரை உண்டா?

பதில்: எதிர்ப்புக் கோளாறுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை. கூடவே ஏ.டி.எச்.டி. இருந்தால் (அடிக்கடி இருக்கும்) அதற்கு மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்து கொடுக்கும்போது எதிர்ப்பும் குறைவதுண்டு. கடும் ஆக்ரோஷத்துக்கு ரிஸ்பெரிடோன் என்ற மருந்தைக் கொஞ்ச காலம் கொடுப்பார்கள். அதில் எடை கூடும், ரத்தப் பரிசோதனையோடு கண்காணிக்க வேண்டும். நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

கேள்வி: 14 வயது மகள். எது சொன்னாலும் கதவைச் சாத்திக்கொள்கிறாள். போன வாரம் “செத்துப்போறேன்” என்றாள். மிரட்டுகிறாளா?

பதில்: மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எதிர்ப்புக் கோளாறில் எரிச்சல் தூக்கலாக உள்ள பிள்ளைகளுக்குப் பின்னாளில் மனச்சோர்வும் பதற்றமும் வரும் வாய்ப்பு அதிகம். நேரடியாகக் கேளுங்கள்: “சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கியா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. வீட்டிலுள்ள மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். மருத்துவரை இன்றே பாருங்கள். இதைப் படித்து முடித்துவிட்டுப் போகலாம் என்றுகூட இருக்க வேண்டாம்.

மற்ற சண்டைகளுக்கு: இந்த வயதில் உத்தரவைவிடப் பேச்சு எடுபடும். உளவியலாளர் ராஸ் கிரீன் சொல்லும் வரிசை எனக்குப் பிடிக்கும். சண்டை இல்லாத நேரத்தில், “காலையில கிளம்புறது கஷ்டமா இருக்குன்னு கவனிச்சேன், என்ன விஷயம்?” என்று தொடங்கி, அவள் பக்கத்தை முழுதாகக் கேட்க வேண்டும். அதன்பிறகுதான் உங்கள் கவலை. அதற்குப் பிறகு இருவருக்கும் ஒத்துவரும் வழி. “தெரியல” என்பாள். சும்மா இருங்கள், பெரும்பாலும் அதற்கு அடுத்து வருவதுதான் உண்மையான பதில்.

கேள்வி: இதை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு என் மகனைப் பிடிக்கவில்லை. அவன் தூங்கும்போது மட்டும்தான் பிடிக்கிறது.

பதில்: என் அறையில் இதைச் சொல்லி அழுத அம்மாக்களும் அப்பாக்களும் நிறைய பேர். தினமும் திட்டும் உதையும் வாங்கும் ஒருவருக்கு வேறு எப்படித் தோன்றும்? பிள்ளையைப் பற்றிப் பேச வரும்போது உங்கள் தூக்கம், பசி, அழுகை பற்றியும் அதே மருத்துவரிடம் சொல்லுங்கள், உங்களுக்கே சிகிச்சை தேவைப்படலாம். தூங்கும்போது பிடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அது போதும், அங்கிருந்தே தொடங்கலாம். இந்த வாரம் அவனைத் திருத்தும் வேலை எதுவும் வேண்டாம். துணைவரோ வேறு பெரியவர் யாராவதோ வீட்டில் இருக்கும்போது, தினமும் அரை மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். போனை எடுத்துப் போகாதீர்கள்.