மஸ்டாங்கும் மழைநீரும் (கடிதமும் பதிலும்)

மதிப்புக்குரிய ஐயா,

பழைய கார்களைப் பற்றி நீங்கள் எழுதும் குறிப்புகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். நான் ஒஹையோ மாநிலத்தில் டொலீடோ நகரில் மென்பொருள் துறையில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் நாமக்கல். அப்பா அங்கே லாரிப் பட்டறையில் நெடுங்காலம் மெக்கானிக்காக இருந்தவர்.

சென்ற அக்டோபரில் 1967ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஒன்றை வாங்கினேன். அடையாள எண் 7எஃப்01சி என்று தொடங்குகிறது. பல ஆண்டுகள் ஒரு கொட்டகையில் நின்ற வண்டி. எஞ்சின் ஓடுகிறது, பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. வெளியே சிவப்புப் பெயின்ட் நன்றாகவே இருக்கிறது. ஆனால் முன் இருக்கைகளைக் கழற்றி விரிப்பைத் தூக்கிப் பார்த்தால், வலப்பக்கத் தரையில் என் கை நுழையும் அளவுக்குத் துரு அரித்திருக்கிறது.

காணொளிகளில் செய்வதைப் போல, கடைசி நட்டு வரை பிரித்துப் போட்டு ஓராண்டில் புதிதாகக் கட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். விற்றவர் இது ‘மேட்சிங் நம்பர்’ எஞ்சின், அதாவது ஆலையில் இந்தக் காரோடு பொருத்திய அதே எஞ்சின் என்றார், நம்பலாமா? நண்பர்கள் சிலர் பழைய எஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிய ஒன்றைப் பொருத்தச் சொல்கிறார்கள். அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, “வண்டி ஓடுதா?” என்று மட்டும் கேட்டார். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர், டொலீடோ

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் உள்ள கேள்விகளிலேயே சிறந்தது உங்கள் அப்பா கேட்டதுதான். லாரிப் பட்டறையில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வண்டி நாலு நாள் நின்றால் யாருடைய சம்பாத்தியம் நிற்கிறது என்பது தெரியும். ஆகவே அவர்கள் தேவைக்கு மேல் ஒரு போல்ட்டையும் கழற்றுவதில்லை. வீட்டுக் கொட்டகையில் காரைப் புதுப்பிக்க இறங்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லாததே முதல் ஆபத்து. அமெரிக்காவில் பழைய கார்களுக்கான விற்பனை விளம்பரங்களைச் சில வாரங்கள் கவனித்துப் பாருங்கள். எஞ்சின் ஒரு மூலையிலும், கதவுகள் சுவரோரத்திலும், மீதி எல்லாம் பெயர் எழுதப்படாத அட்டைப் பெட்டிகளிலுமாகக் கிடக்கும் மஸ்டாங்குகளும் கமேரோக்களும் எத்தனை விற்பனைக்கு வருகின்றன என்பது தெரியும். அவற்றைப் பிரித்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். பிரிக்க ஒரு மாதமும் கூட்டப் பல ஆண்டுகளும் ஆகும் என்ற கணக்கைப் போடாதவர்கள். நீங்கள் முழுநேர வேலை பார்த்துக்கொண்டு வார இறுதிகளில் மட்டும் செய்யப்போகிறீர்கள் என்றால், ஓராண்டுத் திட்டத்தை இப்போதே கைவிட்டுவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் பிரித்து, சரிசெய்து, மீண்டும் பூட்டிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

அந்த ‘ஒரு பகுதி’ எதுவாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வலப்பக்கத் தரை அரித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலானவர்கள் அதைத் தரையின் நோயாக எண்ணி, புதிய தரைத் தகட்டை வாங்கி வெல்டிங் செய்துவிட்டு நிம்மதியடைவார்கள். 1965 முதல் 1968 வரையிலான மஸ்டாங்குகளில் நோய் பெரும்பாலும் மேலே இருக்கிறது. முன்கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவே, காருக்குள் காற்று வருவதற்கான கீற்றுகள் கொண்ட ஒரு தகடு இருக்கும். அதை இங்கே கவுல் என்பார்கள். அது உண்மையில் இரண்டு தகடுகளால் ஆன ஒரு பெட்டி. மேல் தகட்டின் கீற்றுகள் வழியே காற்றோடு மழைநீரும் உள்ளே இறங்கும். கீழ்த் தகட்டில், காற்றை மட்டும் காருக்குள் விடுவதற்காக, உயரமான தொப்பியைப் போல விளிம்பு உயர்த்திய இரண்டு துளைகள் உண்டு. தண்ணீர் அந்த விளிம்பைத் தாண்டாமல் இரு பக்கங்களுக்கும் ஓடி, முன் மட்கார்டுகளுக்குப் பின்னால் வடிந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டு தகடுகளையும் ஸ்பாட் வெல்டிங்கால் மூடிய பிறகு, அந்தப் பெட்டிக்குள் துருவைத் தடுக்கும் பூச்சு சரியாகப் போய்ச் சேரவில்லை. மரத்தடியில் நின்ற கார்களில் கீற்று வழியே விழுந்த இலைச்சருகுகள் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டன. அந்தத் தொப்பிகளின் அடிப்பாகம் முதலில் அரித்தது. அதன் பிறகு ஒவ்வொரு மழையும் நேரே முன் தரைக்குள் இறங்கியது.

இது எனக்குத் தெரிந்தது புத்தகத்தால் அல்ல. மிச்சிகனில் குடியிருந்த காலத்தில் நான் வைத்திருந்த 1966 மஸ்டாங் கூப்பேவின் தரையை மாற்றி, உள்ளே புதிய விரிப்பையும் போட்டு, பெயின்ட்டும் அடித்து முடித்த பிறகு, ஒரு மழைக்குப் பின் விரிப்பு நனைந்திருந்தது. முன்கண்ணாடியின் ரப்பர் மேல் பழியைப் போட்டு அதை மாற்றினேன். மறுபடி நனைந்தது. ஹீட்டரின் சிறு ரேடியேட்டரில் ஒழுகுகிறது என்று முடிவுகட்டி அதையும் மாற்றினேன். அப்படி இருந்திருந்தால் ஈரம் பிசுபிசுப்பாகவும் இனிப்பு வாடையோடும் இருந்திருக்க வேண்டும் என்று அப்போது யோசிக்கவில்லை. கடைசியில் ஒரு மாலை, டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டேன். என் மனைவி வெளியே நின்று கீற்றில் குழாய்த் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் என் முகத்தில் விழுந்தது.

ஆகவே நீங்கள் வேறு எதையும் தொடுவதற்கு முன் அதே சோதனையைச் செய்யுங்கள். இருக்கைகளைத்தான் கழற்றிவிட்டீர்களே, இன்னும் வசதி. ஒருவர் கீற்றில் இடது, நடு, வலது என்று ஓரிரு நிமிடங்கள் நிதானமாக ஊற்ற, மற்றவர் உள்ளிருந்து பார்க்க வேண்டும். ஒழுகினால், தொப்பிகளுக்கு மேல் பசை தடவி மாட்டும் பிளாஸ்டிக் மூடிகள் விற்கின்றன. அவற்றை, ஓட்டிக்கொண்டிருக்கும் ஒரு காருக்கு ஒரு பருவம் தாங்கும் ஒட்டுவேலை என்றுதான் கொள்வேன். சரியான வேலை என்பது முன் மட்கார்டுகள், பானெட், முன்கண்ணாடி, வைப்பர் ஆகியவற்றைக் கழற்றி, நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்பாட் வெல்டுகளை அதற்கென்றே உள்ள வட்ட வெட்டியால் ஒவ்வொன்றாகக் குடைந்து, மேல் தகட்டை எடுத்து, கீழ்த் தகட்டை மாற்றி, உள்ளே துரு தடுக்கும் பிரைமரும் இணைப்புகளில் அடைப்பானும் பூசி, மீண்டும் மூடுவது. பெயின்ட் அடித்த காரில் இதைச் செய்ய யாருக்கும் மனம் வராது. உங்கள் சிவப்புப் பெயின்ட்டை நான் ஏன் சந்தேகத்தோடு பார்க்கிறேன் என்பது இப்போது புரிந்திருக்கும். ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, பின் சக்கரங்களுக்கு மேலும் கதவுகளின் அடிப்பகுதியிலும் வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகட்டின் மேல் பட்டி தடிமனாக இருக்கிறது என்று பொருள். வலது முன்பக்கம் பேட்டரி உட்காரும் இடத்தையும் பாருங்கள். அமிலம் சிந்திச் சிந்தி அந்தத் தகடு அரிப்பது இந்தக் கார்களில் வழக்கம்.

தரையை வெட்டும் நாள் வரும்போது ஒன்றை மறக்காதீர்கள். அப்பா பார்த்த லாரிகளுக்குச் சேஸிஸ் தனி, மேலே கட்டும் பாடி தனி. மஸ்டாங்குக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. தரை, வாசல் ஓரத்து அடித்தண்டு, கூரை எல்லாம் சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. தரையை வெட்டி எடுத்த கணம் கார் நடுவில் தளரத் தொடங்கும். எனவே வெட்டுவதற்கு முன்பே, கதவுகளைச் சுற்றியுள்ள இடைவெளிகளை அளந்து எழுதிவைத்துக்கொண்டு, இரு கதவு வாசல்களிலும் இரும்புக் குழாய்களைக் குறுக்காக வெல்டிங் செய்து இறுக்க வேண்டும். காரின் எடை சஸ்பென்ஷன் உட்காரும் இடங்களிலேயே சமமாக நிற்க வேண்டும். வலப்பக்கத்தை முடித்த பிறகுதான் இடப்பக்கத்தை வெட்ட வேண்டும். இந்த எச்சரிக்கையைக் காதில் போடாதவர்களின் கார்களில் புதிய தரை பளபளக்கும், கதவு மட்டும் சாத்தாது.

பிரேக் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், காரணம் இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை. 1967இல்தான் மஸ்டாங்குக்கு முன்னும் பின்னும் தனித்தனியாக இயங்கும் இரட்டை மாஸ்டர் சிலிண்டர் வந்தது. முந்தைய ஆண்டுக் கார் என்றால் ஒரு குழாய் உடைந்தாலே நாலு சக்கரமும் பிடிக்காது. அந்த வகையில் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஆனால் பல ஆண்டுகள் நின்ற காரின் பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும். மாஸ்டர் சிலிண்டர், சக்கரச் சிலிண்டர்கள், ரப்பர் குழாய்கள், இரும்புக் குழாய்கள் அனைத்தையும் மாற்றிவிடுங்கள். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், ஆகவே டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசி தட்டாதீர்கள், நனைத்துத் துடையுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் கழுவிய இரும்பின் அருகே வெல்டிங் செய்தால் பாஸ்ஜீன் என்ற கொடிய நச்சுவாயு உண்டாகும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகக்கூடாது என்பதை ஒரு மெக்கானிக்கின் மகனுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

இனி எஞ்சின். உங்கள் எண்ணில் 7 என்பது 1967, எஃப் என்பது டியர்பார்ன் ஆலை, 01 என்பது நிலையான கூரையுள்ள ஹார்ட்டாப் வகை, சி என்பது இரட்டைக் குழல் கார்புரேட்டர் கொண்ட 289 கன அங்குல வி8, அதாவது 4.7 லிட்டர், அக்காலக் கணக்கில் 200 குதிரைத்திறன். சக்கரத்தில் ஐந்து போல்ட்டுகள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். ஆறு சிலிண்டர் கார்களுக்கு நாலுதான். சிலர் இதெல்லாம் பெரிய எஞ்சினின் வலுவுக்குப் பேர்போன மஸில் காரே இல்லை, மஸ்டாங்கின் வழியில் வந்த சிறிய, விளையாட்டுத் தோற்றமுள்ள போனி கார் என்று உங்களைத் திருத்துவார்கள். நடுத்தர அளவுக் காரில் பெரிய எஞ்சினைத் திணித்த 1964 பான்டியாக் ஜிடிஓதான் அவர்களுக்கு அளவுகோல். 390 கன அங்குல எஞ்சினுக்கு இடம் தருவதற்காகவே மஸ்டாங்கை 1967இல் அகலப்படுத்தினார்கள் என்பதால், உங்கள் கார் அந்த வீட்டு வாசலிலாவது நிற்கிறது. இந்தச் சண்டையில் நான் கலந்துகொள்வதில்லை.

‘மேட்சிங் நம்பர்’ என்று விற்றவர் சொன்னதைத்தான் நான் ஏற்க மாட்டேன். அவர் பொய் சொன்னார் என்று சொல்லவில்லை, கேட்டதைச் சொல்லியிருக்கலாம். காரின் எண்ணை எல்லா எஞ்சின்களிலும் பொறிக்கும் வழக்கம் ஃபோர்டில் 1968இல்தான் வந்தது. அதற்கு முன் மஸ்டாங்கில் 271 குதிரைத்திறன் கொண்ட கே வகை எஞ்சினுக்கு மட்டுமே அப்படிப் பொறித்தார்கள். ஆகவே 1967இன் சி வகை எஞ்சினில் ஒப்பிடுவதற்கு எண்ணே கிடையாது. எஞ்சின் வார்ப்பில் உள்ள தேதிக் குறியைப் பார்க்கலாம்: 7ஏ12 என்றிருந்தால் 1967 ஜனவரி 12 என்று பொருள். அது கார் கட்டப்பட்ட தேதிக்குச் சில வாரங்களோ ஓரிரு மாதங்களோ முந்தியதாக இருந்தால், ஆலையிலிருந்து கூடவே வந்த எஞ்சினாக இருக்க வாய்ப்புண்டு என்று சொல்லலாம், அதற்கு மேல் சொல்ல முடியாது. கார் கட்டப்பட்ட தேதியையும் எந்தெந்த வசதிகளோடு வந்தது என்பதையும் அறிய மார்ட்டி அறிக்கை வாங்குங்கள். ஃபோர்டின் உற்பத்திப் பதிவுகளிலிருந்து 1967 முதலான கார்களுக்கு அதைத் தருகிறார்கள். 1966 காரை வைத்திருந்த எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

புதிய எஞ்சினைப் பொருத்தச் சொல்லும் நண்பர்களிடம், ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை ஏன் எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். புதியதை வைத்தால் ரேடியேட்டர், கியர்பாக்ஸ், பெட்ரோல் பம்ப், மின்கம்பிகள் எல்லாம் மாற வேண்டியிருக்கும்; ஒரு வேலை நாலாகும். 289ஐ மெதுவாகப் பழக்குங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைத் தின்றுவிடும் என்பதால் அவற்றை உடனே மாற்றுங்கள். பெட்ரோலில் ஈயம் இல்லாததால் வால்வு இருக்கைகள் தேயும் என்று பயமுறுத்துவார்கள். வார இறுதியில் நிதானமாக ஓட்டும் காருக்கு அதற்காக மட்டும் ஹெட்டைக் கழற்ற வேண்டாம். வேறு காரணத்துக்குக் கழற்றும் நாளில் கடினமான வால்வு இருக்கைகளைப் பொருத்திக்கொள்ளலாம். ஆயிலில் துத்தநாகச் சேர்க்கை போதிய அளவு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், இந்தக் கால ஆயில்கள் பலவற்றில் அது குறைவு. வால்வுகளை இயக்கும் பழைய கேம்ஷாஃப்ட்டுக்கு அதுதான் காவல்.

பெயின்ட்டை எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள், அதையும் கொட்டகையில் அடிக்காதீர்கள். இரண்டு கலவைப் பெயின்ட்டின் கெட்டிப்படுத்தியில் உள்ள ஐசோசயனேட், கடையில் விற்கும் சாதாரண முகமூடியை நம்பி அடிக்கக்கூடியது அல்ல. வீட்டோடு ஒட்டிய கொட்டகை என்றால் குடும்பமும் அதைச் சுவாசிக்கும். டிங்கர் வேலையையும் பட்டி தேய்ப்பதையும் நீங்களே செய்யுங்கள், பெயின்ட்டைத் தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள்.

குளிர் இறங்குவதற்குள் குழாய்ச் சோதனையை முடித்துவிடுங்கள். டொலீடோவில் பிறகு குழாயே உறைந்துவிடும். தண்ணீர் வலப்பக்கம் மட்டும் விழுந்ததா, இரண்டு பக்கமுமா என்று எழுதுங்கள். எந்தத் தகட்டை வாங்குவது என்பதை அதற்குப் பிறகு பேசலாம். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்.